வக்கீல் அறையா, வகுப்பறையா: ஆர்பிட்ரேஷன் படித்தவர் எங்கே போவது?

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சொந்த ஊர் சேலம். நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் மாற்றுமுறைத் தீர்வில் எல்.எல்.எம். முடித்திருக்கிறாள், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் தேறிவிட்டாள். அந்தத் துறையில் முக்கியமான வழிகள் இரண்டு: நீதிபதிக்குப் பதில் நடுவர் தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேஷன், தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பையும் ஒத்துப்போக வைக்கும் சமரசம். இரண்டு ஆண்டாகச் சென்னையில் ஒரு சீனியரிடம் ஜூனியர். "சார், சீனியரிடமே இருந்துவிடட்டுமா, உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கட்டுமா? இல்லை, சமரசப் பயிற்சி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே முழுதாகப் போய்விடட்டுமா?" என்றாள். காபி ஆறும்வரை பேசினோம், ஆறிய பிறகும் பேசினோம். அன்று சொன்னதோடு, அவள் போன பிறகு தோன்றியதையும் சேர்த்து எழுதுகிறேன். பதினோரு ஆண்டு வக்கீலாக இருந்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவன் நான். ஆகவே இதைச் சாட்சி சொல்பவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் இதில் சார்பு உண்டு.

முதலில் பணம். நம் வீடுகளில் கடைசியில் கேட்கப்படும் கேள்வி அதுதான், முடிவைத் தீர்மானிப்பதும் அதுதான்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சென்னை, மதுரை, கோவையில் இருக்கும் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கொடுக்கச் சொல்லி சுற்றறிக்கை அனுப்புமாறு, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலுக்குச் சொன்னது. அந்தச் சுற்றறிக்கை எத்தனை வக்கீல் சேம்பர்களின் கதவைத் தட்டியது என்பது ஜூனியர்களுக்குத்தான் தெரியும். மறுபக்கம், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் ஊதிய விகிதம் பொருந்தும் அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. இணைப் பேராசிரியர் ஆனால் 1,31,400, பேராசிரியர் ஆனால் 1,44,200. வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு. கேட்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த எண்கள் நிரந்தரப் பணியிடத்துக்கு மட்டும். அந்த இடங்கள் எப்போது அறிவிக்கப்படும், எத்தனை பேர் போட்டியிடுவார்கள் என்று பார்த்தே பலருக்கு முடி நரைத்துவிட்டது. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு என்று யு.ஜி.சி. 2019-இல் வகுத்தது, கைக்கு வருவது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. தனியார் கல்லூரிகளின் கதையை அங்கே வேலை செய்பவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டுக்கும் அப்பால் ஒரு மூன்றாவது எண் இருக்கிறது: நடுவரின் கட்டணம். ஆர்பிட்ரேஷன் படிக்கும் ஒவ்வொருவரும் அதைத்தான் கனவு காண்கிறார்கள். 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பாயச் சட்டத்தில் 2015-இல் சேர்த்த நான்காம் அட்டவணையைத் திறந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கோடி ரூபாய் தகராறு என்றால், முதல் ஒரு கோடிக்கு 3,37,500, மிச்சம் 4 கோடிக்கு ஒரு சதவீதம், ஆக 7,37,500 ரூபாய். தனி நடுவராக உட்கார்ந்தால் இன்னும் 25 சதவீதம் கூடி 9,21,875. உதவிப் பேராசிரியரின் முதல் ஆண்டு அடிப்படைச் சம்பளம் முழுவதும் சேர்ந்தால் 6,92,400 ரூபாய்தான். ஒரே ஒரு வழக்கு அதைத் தாண்டிவிடுகிறது. மூன்று நடுவர்கள் உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இந்தக் கட்டணம் என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் சொல்லியிருக்கிறது. பேராசிரியராக இருந்துகொண்டே ஆண்டுக்கு இரண்டு மூன்று வழக்குக்கு நடுவராக உட்காரலாமே என்று என் மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் சட்டம் அதைத் தடுக்கவில்லை. நடுவர் வக்கீலாக இருக்க வேண்டும் என்றுகூட நிபந்தனை கிடையாது. எந்தத் துறைக்காரரும் நடுவராகலாம்.

ஆனால் அந்த நாற்காலியில் இங்கே யார் உட்காருகிறார்கள்? ஓய்வுபெற்ற நீதிபதிகள். பெரிய தொகை வழக்குகளில் அவர்கள்தான், கொஞ்சம் சின்ன வழக்குகளில் மூத்த வழக்கறிஞர்கள், கட்டுமான வழக்குகளில் இடையிடையே ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்கள். ஐரோப்பாவில் நிலைமை வேறு. பாரிஸில் எமானுவேல் கயார், ஜெனீவாவில் கப்ரியேல் காஃப்மன்-கோலர் என்று பேராசிரியர்களாக இருந்துகொண்டே உலகின் பெரிய வழக்குகளில் நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் உண்டு. அங்கே நூல் எழுதியவரிடம் கட்சிக்காரர் தேடிப் போகிறார். இங்கே யார் நடுவர் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், நடுவரை நியமிக்கச் சொல்லி அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றத்துக்குத் தெரிந்த முகங்கள் நீதிமன்றத்திலிருந்து போன முகங்கள். நடுவர் ஆவதற்கு யார் யாருக்குத் தகுதி என்று 2019 திருத்தத்தில் எட்டாம் அட்டவணை என ஒன்றைச் சேர்த்தார்கள். பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், கம்பெனி செயலாளர், பொறியியல் பட்டம் பெற்ற அதிகாரி என்று அந்தப் பட்டியல் நீண்டது. சட்டம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகை அதில் இல்லவே இல்லை. 2021-இல் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் பட்டியல் போட்டவர்கள் மனத்தில் நாம் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆக, பேராசிரியர் வேலையை நடுவர் நாற்காலிக்கு ஏணியாக நினைத்து யாரும் வர வேண்டாம். அந்த நாற்காலி ஐம்பத்தைந்து வயதில் வந்தால் நல்லது, வராவிட்டால் நட்டமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆர்பிட்ரேஷனை வெளியிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது.

நீதிமன்றம் திறந்த வாசல். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் டீ குடித்துவிட்டு உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். குற்றவியல் சட்டம் சொல்லித்தரும் ஆசிரியர் ஒரு நாள்கூட வக்காலத்துப் போடாதவராக இருக்கலாம், ஆனாலும் நூறு விசாரணைகளை நேரில் பார்த்திருக்க முடியும். நடுவர் தீர்ப்பாயம் அப்படியல்ல. பிரிவு 42ஏ ரகசியம் காக்கச் சொல்கிறது. அந்த அறைக்குள் நுழைய வேண்டுமானால் நீங்கள் ஒரு தரப்பின் வக்கீலாகவோ சாட்சியாகவோ நடுவராகவோ, குறைந்தபட்சம் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகும் ஜூனியராகவோ இருக்க வேண்டும். உள்ளே நடப்பது வெளியே தெரிவதெல்லாம், தோற்றவர் பிரிவு 34-இல் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்துக்கு வரும்போதுதான். விவாகரத்து வழக்குக் கட்டுகளை மட்டும் படித்துவிட்டு இல்லறம் பற்றிப் பாடம் எடுப்பது போன்றது இது.

ஓர் உதாரணம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கும் அதன் முன்னாள் அதிகாரிக்கும் இடையே நடந்த வழக்கு. நடுவர் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னார். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி கூடுதலாக 1.6 கோடி சேர்த்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கூடுதலை 50,000 ரூபாயாகக் குறைத்தது. நடுவரின் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாம் சரி, திருத்தலாமா என்ற கேள்வி அங்கிருந்து அரசியல் சாசன அமர்வுவரை போனது. குறிப்பிட்ட சில வரம்புகளுக்குள் திருத்தலாம் என்று 2025 ஏப்ரல் 30-இல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. திருத்தும் அதிகாரமே கிடையாது என்று மாறுபட்டு எழுதிய நீதிபதி கே.வி. விஸ்வநாதன் நம் கொங்குப் பகுதிக்காரர். இதை வைத்து நான் மூன்று வகுப்பு எடுத்தேன். நன்றாகவே போனது. மூன்றாம் வகுப்பின் முடிவில் ஒரு பையன் எழுந்து, "சார், அந்த நடுவர் முதலில் 2 கோடி என்று எப்படிக் கணக்குப் போட்டார்?" என்றான். அந்த வழக்கைப் பற்றி எனக்கு விடை தெரியாது. ஆனால் நஷ்ட ஈட்டுக் கணக்கு எப்படிப் போடப்படும், எந்த ஆவணத்தை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள், குறுக்கு விசாரணையில் கணக்காளர் எங்கே தடுமாறுவார் என்று சொல்ல முடிந்தது. அது நூலகத்தில் கிடைத்த அறிவு இல்லை. பதினோரு ஆண்டு வாய்தாக்களில் கிடைத்தது.

ஆகவே ஆர்பிட்ரேஷன்தான் பிடிக்கிறது என்றால், முதலில் சேம்பர். குறைந்தது ஐந்து ஆண்டு. கோரிக்கை மனு எழுத வேண்டும், எதிர்மனு எழுத வேண்டும். பிரிவு 29ஏ தரும் பன்னிரண்டு மாதக் கெடு கண்ணெதிரே கரைவதைப் பார்க்க வேண்டும். இரு தரப்பும் சேர்ந்து ஆறு மாதம் நீட்டித்து, அதுவும் போதாமல் நீதிமன்றத்தில் நீட்டிப்புக் கேட்டு நிற்கவும் வேண்டும். பிறகு வகுப்பறை. 2023-இல் யு.ஜி.சி. உதவிப் பேராசிரியர் நியமனத்துக்குப் பிஎச்.டி. கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டதால், தாமதமாக வருபவருக்கு நுழைவாயில் முன்பைவிடச் சற்று அகலம். அதற்கு மேல் போக விட்ட இடத்தைப் பிடித்தாக வேண்டும். இணைப் பேராசிரியராகப் பிஎச்.டி.யும் ஏழு ஆய்வுக் கட்டுரைகளும், பேராசிரியராகப் பத்துக் கட்டுரைகளும் கேட்கிறார்கள்.

இதற்குள் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூன் 3-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அரசு கொள்முதல் ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷன் பிரிவை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் 10 கோடிக்குக் குறைந்த தகராறுகளுக்கு மட்டும், பெரியவற்றுக்குச் சமரசத்தை நாடலாம் என்பது அதன் சாரம். சாலை, பாலம், ரயில்வே, பொதுத்துறை நிறுவனம் என்று அரசு ஒப்பந்தங்களை நம்பிப் பிழைப்பு நடத்தும் ஆர்பிட்ரேஷன் சேம்பர்கள் நிறைய. உணவு மேசையில் பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? உடனே பசி தெரியாது, ஏனென்றால் பழைய ஒப்பந்தங்களின் தகராறு இன்னும் பல ஆண்டு வரும். இன்று இருபத்தாறு வயதில் இருப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

இனி சமரசம். இங்கே என் கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது.

இந்த விஷயத்தில் நம் ஊருக்குப் பெருமைப்பட உரிமை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 89, வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வழி செய்து 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர்கள் சங்கம். திருத்தங்கள் நிலைத்தன, அந்த வழக்கில் 2005-இல் வந்த இரண்டாம் தீர்ப்பில்தான் சமரசத்துக்கான மாதிரி விதிகள் பிறந்தன. எதிர்க்கப் போன வழக்கே வழிகாட்டியாகிவிட்டது. இதைச் சொன்னபோது சேலத்துப் பெண் முகத்தில் ஒரு வெளிச்சம். அதே 2005 ஏப்ரல் 9-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச தீர்வு மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே அதுதான் முதல். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதன் ஆணிவேர்.

அந்த மாதிரி விதிகளிலேயே அவளுடைய மூன்றாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. சமரசர் பட்டியலில் இடம்பெற ஓய்வுபெற்ற நீதிபதியாகவோ, 15 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞராகவோ, அதே அளவு அனுபவமுள்ள பிற துறை வல்லுநராகவோ இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆக இருபத்தாறு வயதில் 40 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு முழுநேரச் சமரசர் ஆவது என்பது இப்போதைக்கு ஒரு தொழில் இல்லை. பட்டியலில் இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது வேறு தொழில். 2019-இல் அயோத்தி விவகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் மூவர் குழுவை அமைத்தது நினைவிருக்கலாம். காரைக்குடி ஊர்க்காரரான நீதிபதி கலிஃபுல்லா, பாபநாசத்தில் பிறந்த ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், ஸ்ரீராம் பஞ்சு என மூவரும் தமிழ்நாட்டுத் தொடர்புடையவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி, ஆன்மிக குரு, மூத்த வழக்கறிஞர். பேராசிரியர் அங்கும் இல்லை, இளைஞரும் இல்லை. 2023-இல் வந்த சமரசச் சட்டம் சமரசர்களைப் பதிவு செய்ய ஒரு தேசியக் கவுன்சிலை ஏற்படுத்தச் சொல்கிறது. 120 நாள் கெடு, ஒப்புக்கொண்டால் இன்னும் 60 நாள், உடன்படிக்கைக்கு நீதிமன்றத் தீர்ப்புக்கு இணையான பலம் என்று நல்ல ஏற்பாடுகளும் அதில் உண்டு. தொழிலாக அது முளைக்கும் என்றே நம்புகிறேன். முளைக்கும்வரை எங்கே காத்திருப்பது என்பதுதான் கேள்வி.

வகுப்பறையில் காத்திருக்கலாம் என்பது என் பதில். சமரசமும் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதுதான். ஆனால் அது நடித்துப் பார்த்துக் கற்கும் கலை. நான்கு நாற்காலியும் ஒரு கற்பனைத் தகராறும் போதும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வாடகை பாக்கி, பனியன் கம்பெனிக்கு நூல் சப்ளை செய்தவரின் பில் என்று கதை கட்டி மாணவர்களிடம் கொடுத்தால், அந்த அறையில் உண்மையிலேயே கோபம் வரும். முதல் நாள் எல்லா மாணவர்களும் நாட்டாமை ஆகிவிடுவார்கள். "நீ பத்து கொடு, நீ எட்டு வாங்கிக்கொள், இத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்" என்று ஐந்தாம் நிமிடமே தீர்ப்பு வந்துவிடும். மத்தியஸ்தம் என்றால் மரத்தடிப் பஞ்சாயத்து என்றுதான் நம் எலும்பில் எழுதியிருக்கிறது. தீர்ப்புச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழக்குவதற்கே பாதிப் பருவம் போய்விடும். அப்படிப் பழக்கத் தெரிந்த ஆசிரியர் அபூர்வம். சமரசத்தைச் சட்டப் படிப்பில் கட்டாயப் பாடமாக இந்திய பார் கவுன்சில் 2020-இல் ஆக்கிவிட்டது. பாடத்திட்டம் வந்துவிட்டது, பாடம் எடுப்பவர் வரவில்லை. பல இடங்களில் குறிப்புகளை வாசித்து எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீச்சலைக் கரும்பலகையில் சொல்லித்தருவது மாதிரிதான்.

ஆகவே சமரசத்தில் மனம் போகிறவர் சீக்கிரமே ஆசிரியராவது நல்லது. மேற்கே இந்தத் துறையை வளர்த்ததும் ஒரு பேராசிரியரின் யோசனைதான்: ஒவ்வொரு தகராறுக்கும் பொருத்தமான ஒரு வாசல் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும் என்று ஹார்வர்டின் ஃப்ராங்க் சாண்டர் 1976-இல் ஒரு மாநாட்டில் பேசினார். பல கதவு நீதிமன்றம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. ஆர்பிட்ரேஷனில் எழுதுபவருக்குக் கிடைக்காத செல்வாக்கு சமரசத்தில் கற்பிப்பவருக்குக் கிடைக்கலாம்.

இரண்டு படகிலும் கால் வைக்க முடியாதா என்றால், முடியும், ஓர் அளவு வரை. முழுநேரச் சம்பளத்தில் ஆசிரியரானால் பார் கவுன்சிலில் பதிவை நிறுத்திவைத்து, கறுப்பு அங்கியைக் கழற்ற வேண்டும். ஆனால் 1979-ஆம் ஆண்டின் விதி ஒன்று, வக்கீலாக இருந்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்கிறது. காலையில் இரண்டு வகுப்பு, பத்தரைக்கு நீதிமன்றம் என்று ஓடிய பலரை எனக்குத் தெரியும். நானும் மூன்று ஆண்டு ஓடினேன். நிரந்தரம் இல்லை, பதவி உயர்வு இல்லை, தேர்வுத்தாள் திருத்தும் காலத்தில் சீனியரின் முறைப்பு உண்டு. ஆனாலும் அந்த மூன்று ஆண்டில்தான் எனக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்தது. இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

வெளிநாட்டு எல்.எல்.எம். பற்றியும் கேட்டாள். ஜெனீவா, லண்டன், சிங்கப்பூர் எல்லாம் நல்ல இடங்கள்தான். கடன் வாங்கிப் போய்விட்டு, திரும்பி வந்து 20,000 ரூபாய் உதவித்தொகையில் அதை அடைக்க முடியாது. கல்வி உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் மட்டும் யோசி என்று சொல்லி முடித்துவிட்டேன். வியன்னாவில் ஆண்டுதோறும் நடக்கும் 'விஸ்' என்ற ஆர்பிட்ரேஷன் மாதிரி வழக்காடு போட்டிக்கு ஒரு கல்லூரி அணியைத் தயார் செய்து கூட்டிப் போகும் ஆசிரியர், அந்த ஆறு மாதத்தில் ஒரு எல்.எல்.எம். அளவுக்குக் கற்றுக்கொள்கிறார். செலவு கல்லூரியுடையது, கல்லூரிக்கு மனம் இருந்தால்.

கடைசியில் அவளிடம், போன இரண்டு ஆண்டில் எந்த நாள் மனத்தில் நிற்கிறது என்று கேட்டேன். ஒரு சாலை ஒப்பந்தத் தகராறில் விசாரணை இடைவேளையாம். ஒப்பந்ததாரரும் எதிர்த்தரப்புப் பொறியாளரும் வராந்தாவில் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்களாம். பொறியாளர் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்களாம். நாலு வார்த்தை கூடப் பேசியிருந்தால் வழக்கே முடிந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதாம். மணி அடித்ததும் இருவரும் உள்ளே போய் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள். அவள் எழுதிய எதிர்மனுவைப் பற்றி, நன்றாக எழுதியிருந்தாள் என்று அவளுடைய சீனியரே என்னிடம் சொன்ன அந்த மனுவைப் பற்றி, ஒரு வார்த்தை பேசவில்லை.

உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன்: பதிவை நிறுத்திவைப்பதற்கு முன் ஒரு குறுக்கு விசாரணையையாவது முதலிலிருந்து முடிவுவரை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும், பிறகு அந்த அறைக்குள் யாரும் விட மாட்டார்கள். அடுத்த மாதம் அதே சாலை வழக்கில் பொறியாளரின் சாட்சியத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறார்களாம். சீனியரிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.